இடம் எழுதாத பதிவு

"ஏன் குட்டி, மத்தியானம் வந்து அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தியே, வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அவள் அப்போதுதான் வீட்டுக்குள் வந்து, ஒரு கால் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றிருந்தாள். அக்கா சன்னலோர நாற்காலியில் இருந்தாள். இரண்டு கண்ணையும் மூடிச் சுற்றிய வெள்ளைக் கட்டு, மடியில் கைப்பேசி, முகத்தில் பாதி சிரிப்பும் பாதி கோபமும்.

"நான் எங்கக்கா வந்தேன்? காலைல போனவ, இப்பத்தான் வர்றேன்."

"கதை விடாத. ஸ்டூல இழுத்துப் போட்டு என் பக்கத்துலதான் உட்கார்ந்த. கண்ணதான் கட்டியிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு."

ஸ்டூல் உண்மையிலேயே நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தது. காலையில் அதைச் சமையலறையில் பார்த்த ஞாபகம் அவளுக்கு இருந்தது. ஆனால் காலையில் அவள் இருந்த அவசரத்தில் தலையைச் சீவினாளா இல்லையா என்பதே ஞாபகமில்லை. அக்காவே தட்டித் தடவி இழுத்து வந்திருப்பாள், பகலெல்லாம் தூங்கி விழித்து எது கனவு எது நிஜம் என்று குழம்பியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள். கண்ணைக் கட்டி விட்டால் யாருக்குத்தான் பகலும் இரவும் ஒன்றாகாது?

அக்காவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. போன வாரம் வெளுக்கும் திரவக் கேனின் மூடி தெறித்து, உள்ளே இருந்தது முகத்தில் அடித்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புண். கட்டுப் போட்ட டாக்டரம்மா கறாரான மனுஷி. "பத்து நாள். வெளிச்சம் படக் கூடாது, கை படக் கூடாது, முக்கியமா அழக் கூடாது. உள்ள புதுத் தோல் வளருது. அழுது அது பிஞ்சு போச்சுன்னா அப்புறம் பார்வைக்கு நான் பொறுப்பில்ல." அதைக் கேட்டு அக்கா, "நான் எங்க டாக்டர் அழப் போறேன், இவ சமையலத் தின்னாதான் அழுக வரும்" என்றாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோதுகூட அழாமல் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். தங்கைக்கு உலகத்தில் வேறு யாரும் கிடையாது. அந்தக் கண் இரண்டும் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர இவளுக்கு இப்போது வேறு வேண்டுதலும் கிடையாது. இன்று திங்கட்கிழமை, பத்தில் ஆறு நாள் ஓடிவிட்டது, வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள்.

தங்கைக்கு வேலை அருங்காட்சியகத்தில். மேலே விளக்கொளியில் சிலைகளும் வாள்களும் கண்ணாடிக்குள் நிற்கிற இடத்தில் அல்ல, தரைக்குக் கீழே, இரும்பு அலமாரிகள் வரிசை கட்டி நிற்கும் பதிவேட்டு அறையில். நூறு வருடப் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி செய்ய வேண்டும். மேற்பார்வையாளருக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் 'சீக்கிரம் சார்'. வணக்கம் சொன்னால்கூட "சீக்கிரம், சீக்கிரம்" என்று பதில் சொல்லக்கூடிய ஆள்.

வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் பதிவேட்டில் குத்தியிருக்கும் குண்டூசிகளை எல்லாம் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் கேமராவுக்குக் கீழே பக்கத்தை அழுத்தும் கண்ணாடி கீறிப் போகும். ஊசியோடு வரும் துண்டுச் சீட்டுகளைப் படித்துக்கொண்டு நிற்க நேரமில்லை, பதிவேட்டு எண் எழுதிய ஒரு உறையில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் சீட்டுகளை மட்டும் தனியாகப் படமெடுப்பார்கள். அதன் பிறகு பக்கங்களைப் படமெடுத்து, ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் மென்பொருளில் தட்ட வேண்டும். அக்காவுக்காக, அந்தத் தட்டச்சு வேலையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி வாங்கியிருந்தாள்.

சனிக்கிழமை ராத்திரி அக்கா தூங்கிய பிறகு, படுக்கையில் மடிக்கணினியை வைத்து அவள் தட்டிய பதிவுகளில் நானூற்றுப் பதினேழாம் எண்ணும் ஒன்று. உருவம், ஆள் உயரம். துணி, பஞ்சு, முடி. கண்கள் இல்லை. வந்த விதம் தெரியவில்லை. வரிசையாக ஐந்து தணிக்கைக் கையெழுத்துகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து மையில். 'இருக்கும் இடம்' என்ற கட்டம் மட்டும் ஐந்து முறையும் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதிலும் ஒரு இடத்தில் யாரோ எதையோ எழுதி, காகிதம் மெலிந்து போகும் வரை ரப்பர் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

மென்பொருளோ இடம் இல்லாமல் எதையும் ஏற்காது. கட்டம் சிவப்பாக மின்னியது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, கண் செருகியது. கட்டத்துக்குப் பக்கத்தில் 'நான் இருக்கும் இடம்' என்று ஒரு சின்னப் பொத்தான். கிடங்கில் நின்றபடி பொருளைப் பதிகிறவர்களுக்காக வைத்தது. அவள் அதை அழுத்தினாள். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் மாடியும் தானாக வந்து விழுந்தன, சிவப்பு போய்ப் பச்சை வந்தது. திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை காலையில் முந்தின வாரத்துப் பதிவுகள் எல்லாம் இணையத்தில் ஏறின. அவள் அதைச் சுத்தமாக மறந்து போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்து முகத்தில் மோதியது. பூட்டி வைத்த பெட்டியைத் திறந்தால் வருமே, பாச்சை உருண்டையும் பழைய துணியும் ஈரமும் கலந்த வாசனை, அது. பதிவேட்டு அறையில் நாளெல்லாம் அதைத்தான் முகர்ந்துகொண்டிருக்கிறாள் என்பதால், தன் உடம்பில் ஒட்டி வந்தது என்று நேராகக் குளியலறைக்குப் போனாள். தலைக்குக் குளித்து, சோப்பு வாசனையோடு வெளியே வந்து பார்த்தால், அது கூடத்தில் அப்படியேதான் இருந்தது.

அக்கா சூப்பைக் குடித்தபடி சொன்னாள்: "நாளைக்காவது அந்தக் கையுறையக் கழட்டிட்டு வா."

"எந்தக் கையுறை?"

"உங்க ஆபீசுல போடுவியே, துணிக் கையுறை. அதோடயே வந்து என் கையப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்க. சொரசொரன்னு இருக்கு. அப்புறம் இந்தக் கட்ட ஏண்டி தடவித் தடவிப் பார்க்கற? டாக்டர் தொடக் கூடாதுன்னு சொன்னது காதுல விழலயா?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அவளுடைய கையுறைகள் அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்தன. அவள் பகலில் வீட்டுப் பக்கமே வரவில்லை. வாயைத் திறந்து அதைச் சொல்லப் போனவள், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சொன்னால் அக்கா பயப்படுவாள். தனியாக, கண் தெரியாமல், யாரோ தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால் எப்பேர்ப்பட்டவளும் கதறிவிடுவாள். அழக் கூடாது. இன்னும் மூன்றே நாள்.

"மறந்துட்டேன்கா. இனிமே தொடல" என்றாள்.

அன்று ராத்திரி கூடத்து விளக்கை அவள் அணைக்கவே இல்லை. அக்காவின் கட்டிலுக்குக் கீழே தரையில் பாய் போட்டுப் படுத்து, பைப்பிலிருந்து சொட்டும் நீர், மாடிப்படியில் யாரோ ஏறும் செருப்பு, அலமாரிக் கதவு குளிருக்குச் சுருங்கி விடும் சின்னக் கிரீச் என ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, பயத்தை அந்தப் பெயருக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. விடியும்போது ஸ்டூலுக்குக் கீழே ஒரு கொத்துப் பஞ்சு கிடப்பதைப் பார்த்தாள். பழுத்து மஞ்சளாகிப் போன பழம்பஞ்சு. அதில் நீளமாக ஒரு முடி சிக்கியிருந்தது.

புதன்கிழமை எதிர்வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுத்து, மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் அந்த அம்மா படிக்கட்டிலேயே மடக்கினாள்.

"நீதான் இருந்தியேம்மா, அப்புறம் என்ன வேலை சொல்லிட்டுப் போற?"

"நானா?"

"வராந்தா சன்னல் வழியாப் பாத்தேனே. அக்காவுக்கு எதிர்ல முதுகக் காட்டி உட்கார்ந்திருந்த. கூப்பிட்டேன், நீ திரும்பவே இல்ல. என்ன கோபமோன்னு வந்துட்டேன்." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "முடிய அப்படி விரிச்சுப் போடாதம்மா. அக்கா மூஞ்சியில மூஞ்சி வச்சு, அவ்ளோ கிட்டத்துல என்னதான் பார்ப்ப?"

அவளுக்கு முடி கழுத்து வரைதான்.

வீட்டுக்குள் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டின் மேல், இரண்டு கண்ணுக்கும் நேரே, அழுக்கு விரல் தடவினாற்போல இரண்டு கறை. அவள் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தாள். முடிச்சு இறுக்கமாக இருந்தது. இன்னும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அக்காவை அழைத்துக்கொண்டு எங்கே போவது? வெளியே வெயிலும் தூசியும். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கூடவே இருந்துவிட்டால் போதும். விபத்துக்காக எடுத்த விடுமுறையே அதிகம் என்று சீக்கிரம் சார் முறைத்திருந்தார். போனில் கேட்டால் மறுப்பார், நேரில் போய்க் காலில் விழுந்தாவது வாங்கிவிட வேண்டும். ஒரு மணி நேர வேலை. வியாழக்கிழமை காலை எதிர்வீட்டம்மாவைக் கூட்டி வந்து அக்கா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஓடினாள்.

சீக்கிரம் சார் அவளைப் பார்த்ததும் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"என்னம்மா இது? யாரோ இணையத்துல பார்த்துட்டு எழுதியிருக்கார். அருங்காட்சியகப் பொருள் தனியார் வீட்டுல எப்படி இருக்குன்னு கேக்கறார். நானூத்திப் பதினேழு. இந்த விலாசம் யாரோடது?"

அவள் படித்தாள். தெரு. வீட்டு எண். இரண்டாம் மாடி. உருவம், ஆள் உயரம். துணி, பஞ்சு, முடி.

கண்கள் இல்லை.

சார் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கைப்பேசியை எடுத்து அக்காவுக்குப் போட்டாள். இரண்டாவது மணியில் அக்கா எடுத்தாள்.

"அக்கா, எதிர்வீட்டம்மா இருக்காங்களா?"

"அவங்க அப்பவே போயாச்சே. நீ உள்ரூம்ல முதுகக் காட்டி நிக்கற, வந்துட்டன்னு சொல்லிட்டு." அக்கா சிரித்தாள். "பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு எதுக்குடி போன் போடற? விளையாடறியா?"

போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. துணி துணியோடு உரசும் சத்தம். மெல்ல. அதன் பிறகு அக்காவின் குரல், சற்றுத் தள்ளி: "ஏய், முடிச்ச விடுடி. நாளைக்குத்தானே பிரிக்கணும்?"

அவள் கீழே ஓடினாள். பதிவேட்டு எண் போட்ட உறையைத் தேடியெடுத்துத் தரையில் கொட்டினாள். துருப்பிடித்த ஊசியோடு எத்தனையோ சீட்டுகள், அவற்றில் நானூற்றுப் பதினேழு என்று மூலையில் குறித்த ஒன்று. பழைய கையெழுத்து, அவசரமே இல்லாத அழகான கையெழுத்து. 'இதற்கு இடம் எழுத வேண்டாம். எழுதிய இடத்துக்குப் போகும்.'

அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எழுதிய இடத்துக்குப் போகும் என்றால் வேறு இடம் எழுதினால் வீட்டை விட்டுப் போய்விடும். மேசைக்கு ஓடி வந்து பதிவைத் திறந்து, விலாசத்தை அழித்தாள். வெறுமையாக விட்டுப் பார்த்தாள். கட்டம் சிவந்தது, ஏற்கவில்லை. யார் வீட்டை எழுதுவாள்? யார் தலையில் கட்டுவாள்? இங்கேயே எழுதினாள். பதிவேட்டு அறை, கடைசி அலமாரி, கீழ்த் தட்டு. சேமி என்பதை அழுத்தினாள். பச்சை வந்தது. நிம்மதியில் மேசைமேல் தலையைச் சாய்த்து, மூச்சு சீராகும் வரை அப்படியே கிடந்தாள்.

பிறகுதான் சீட்டை உறையில் போடுவதற்காக எடுத்தாள். சீட்டுகளை இரண்டு பக்கமும் படமெடுக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளேதான் சொல்லிக் கொடுப்பாள். எடுத்தவள், பழக்கத்தில் திருப்பினாள்.

'எழுதிவிட்டால் மாற்ற வேண்டாம். மாற்றினால் ஆளை மாற்றி அனுப்பும்.'

அறையின் கடைசியில், அலமாரிகளுக்குப் பின்னால், ஏதோ இரும்பில் இடித்த சத்தம் கேட்டது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. அக்காவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. திறந்தாள்.

பளிச்சென்ற பகல் வெளிச்சம். சன்னலோர நாற்காலியில் அக்கா. காலையில் போட்டிருந்த அதே நீல நைட்டி. முகத்தில் அதே வெள்ளைக் கட்டு. முடிச்சும் அப்படியே இருந்தது.

"அக்கா!"

தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. உயிர் வந்தது அவளுக்கு. ஓடிப் போய் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, மடியில் கிடந்த கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

சொரசொரப்பு.

தையல்.

விரல்களுக்குள் எலும்பில்லை. பஞ்சு.

கையை உதற முடியவில்லை. அது பிடித்துக்கொண்டிருந்தது.

கைப்பேசி அடித்தது. திரையில் அக்காவின் பெயர். இடது கையால் எப்படி எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

"குட்டி..." அக்காவின் குரல் எதிரொலித்தது, மூடிய இடத்திலிருந்து பேசுகிறவள் குரல். "எங்கடி கொண்டு வந்து விட்டுட்ட? கைய நீட்டினா ஒரே இரும்பா இருக்கு. பாச்சை உருண்டை நாத்தம் தாங்கலடி."

"அக்கா, அங்கயே இரு. நகராத. நான் வர்றேன்."

"கட்டக் காணோம்டி. யார் பிரிச்சாங்கன்னு தெரியல." மூச்சு வாங்கியது. "தொட்டுப் பாத்தேன் குட்டி. தொடக் கூடாதுன்னு தெரியும், இருந்தாலும் தொட்டுப் பாத்துட்டேன். வழவழன்னு மூடியிருக்கு. அங்க ஒண்ணுமே இல்லடி."

கண்கள் இல்லை என்ற அந்தப் பதிவுக்கு இப்போது பொருந்துகிறவள் அக்காதான்.

"பயமா இருக்கு. அழணும்போல இருக்கு. ஆனா வரமாட்டேங்குது. எவ்வளவு முயற்சி பண்ணாலும் அழ வரமாட்டேங்குதுடி..."

அவள் தலையை நிமிர்த்தினாள். நாற்காலியில் இருந்தது அவளை நோக்கிக் குனிந்திருந்தது, மூஞ்சியோடு மூஞ்சி படும் அளவுக்கு. வெள்ளைக் கட்டுக்கு உள்ளே ஏதோ இரண்டு, இடமும் வலமுமாக மெல்ல உருண்டு, அவளுக்கு நேரே வந்து நின்றன. போனில் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கட்டின் மேல், அந்த இரண்டு இடத்திலும், ஈரம் பரவத் தொடங்கியது.